குடிநீர் நிறுவனத்தின் பசுமை எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: “எங்கள் குடிநீர் வாரியம் ஆண்டறிக்கையில் ‘பசுமை நடவடிக்கைகள்’ என்று நான்கு பக்கம் போட்டிருக்கிறது. அலுவலகக் கூரையில் சோலார், வளாகத்தில் மரக்கன்றுகள், காகிதமில்லா ரசீது, இரண்டு மின்சார வண்டிகள். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை விளம்பரமா? ஒரு குடிநீர் நிறுவனம் சுற்றுச்சூழலுக்கு இணக்கமாக நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?”

விளம்பரம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் நீரேற்று நிலையங்களிலும் குழாய்ப் பராமரிப்பிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், அந்த நான்கு பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் நான் இரண்டு எண்களைத் தேடுவேன். ஒரு கனமீட்டர் தண்ணீரை வீட்டுக் குழாய் வரை கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது? அதிகாலை இரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? இந்த இரண்டும் அறிக்கையில் இல்லை என்றால், அங்கே பசுமை இன்னும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். தண்ணீர் கனமான சரக்கு. ஒரு கனமீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், ஒரு டன் எடை. அதை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லாத ஒரு கற்பனைப் பம்புக்குக்கூட 0.27 யூனிட் வேண்டும். நிஜப் பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60, 65 சதவீதத் திறனில் ஓடும்போது அது 0.42, 0.45 என்று ஏறிவிடும். இப்படி ஒவ்வொரு டன்னாக, நாள் முழுக்க, வருடம் முழுக்க. சர்வதேச எரிசக்தி முகமை 2016-இல் கணக்கிட்டபோது, உலக மின்சாரத்தில் சுமார் 4 சதவீதம் தண்ணீரை எடுக்கவும், சுத்தம் செய்யவும், அனுப்பவும், கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் போகிறது என்று தெரிந்தது. ஆகவே குடிநீர் நிறுவனத்தின் கரியமிலக் கணக்கில் பெரிய வரி அலுவலக விளக்கும் வண்டியும் இல்லை, பம்ப்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிலையம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் கனமீட்டர், அதாவது பத்துக் கோடி லிட்டர், அனுப்புகிறது என்று வையுங்கள். மொத்த ஏற்றம் 80 மீட்டர், பம்ப்செட்டின் திறன் 60 சதவீதம். ஒரு கனமீட்டருக்கு 0.36 யூனிட் ஆகும். நாளுக்குச் சுமார் 36,000 யூனிட். வழியில் 30 சதவீதம் கசிகிறது, அதனால் வீடுகளுக்குச் சேர்வது 70,000 கனமீட்டர். கசிவை 15 சதவீதமாகக் குறைத்தால் அதே 70,000-ஐச் சேர்க்க 82,000 சொச்சம் அனுப்பினால் போதும். மிச்சம் நாளுக்கு 17,600 கனமீட்டர் தண்ணீர். கூடவே ஏறக்குறைய 6,400 யூனிட் மின்சாரம். இப்போது கூரைக்கு வாருங்கள். 500 கிலோவாட் சோலார், நல்ல வெயில் உள்ள இடத்தில், நாளுக்குச் சராசரியாக 2,000 யூனிட் தரும். அதாவது கசிவைப் பாதியாக்குவது இப்படிப்பட்ட மூன்று சோலார் கூரைகளுக்குச் சமம். அந்த 1.76 கோடி லிட்டர் ஆற்றிலேயே, அல்லது நிலத்தடியிலேயே இருந்துவிடுகிறது. அதற்குப் போட்டிருக்க வேண்டிய படிகாரமும் குளோரினும் மிச்சம். சோலார் இந்த இரண்டையும் செய்யாது.

கசிவைப் பற்றிப் பேசும்போது மக்கள் மனதில் வருவது சாலை நடுவே பீறிட்டு அடிக்கும் குழாய். உண்மையில் அது பெரிய திருடன் இல்லை. எல்லோர் கண்ணிலும் படும், போன் வரும், சில மணி நேரத்தில் வால்வை மூடிவிடுவார்கள். மணிக்கு 50 கனமீட்டர் வெளியேறும் ஒரு வெடிப்பை எட்டு மணி நேரத்தில் அடைத்தால் போனது 400 கனமீட்டர். இணைப்புக் குழாயின் ஜாயின்ட்டில் மணிக்கு ஒரே ஒரு கனமீட்டர் கசிந்து, மண்ணுக்குள்ளேயே ஊறி, பக்கத்துச் சாக்கடையில் கலந்து, ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடினால் போனது 8,760. அதனால்தான் கசிவு வேலையில் முக்கியமான சொல் ‘எவ்வளவு’ இல்லை, ‘எத்தனை நாள்’. கசிவு இருப்பது தெரிய எத்தனை நாள், இடத்தைக் கண்டுபிடிக்க எத்தனை நாள், தோண்டி அடைக்க எத்தனை நாள். மூன்றாவதை எல்லா நிறுவனமும் பெருமையாகச் சொல்லும். முதல் இரண்டையும் கேட்டால் பதில் இழுக்கும்.

இங்கேதான் இரவு இரண்டு மணி வருகிறது. ஊரைச் சில ஆயிரம் இணைப்புகள் கொண்ட சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே வரும் குழாயில் ஒரு மீட்டர் வைத்துவிட்டால், இரவு இரண்டிலிருந்து நான்கு வரை ஓடுவதில் பெரும்பகுதி கசிவுதான். இரவுப் பணி செய்யும் தொழிற்கூடம், மருத்துவமனை போன்றவற்றின் உபயோகத்தைக் கழித்துவிட வேண்டும், அவ்வளவே. இந்த எண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, நேற்று 12 இருந்தது இன்று 19 ஆனால் அந்த மண்டலத்தில் எங்கோ புதிதாக ஒரு கசிவு தொடங்கியிருக்கிறது என்று காலையிலேயே தெரிந்துவிடும். பிறகு ஒலி கேட்கும் கம்பியோ கருவியோ எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டியதுதான். வாகனச் சத்தம் அடங்கிய பிறகு, வால்வின் மேல் கம்பியை வைத்துக் காதைக் கொடுத்தால் கசிவு ஒரு சீறலாகக் கேட்கும். அதைக் கேட்டுப் பழகிய மூத்த ஃபிட்டர்கள் இருந்தார்கள். “இதிலிருந்து நாலு அடியில் தோண்டு” என்பார்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். விலை உயர்ந்த மென்பொருள் வாங்கிய கையோடு இவர்களை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்ட இடங்களும் எனக்குத் தெரியும்.

நாளில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் இடங்களில் இந்த இரவு அளவை எடுக்கவே முடியாது. அங்கே இன்னொரு கேடும் உண்டு. ஒவ்வொரு நாளும் குழாய் காலியாகி மறுபடி நிரம்பும்போது அழுத்தம் அடித்து அடித்து ஜாயின்ட் தளர்கிறது. காலியாக இருக்கும் நேரத்தில் வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் நேரம் குறைத்தோம் என்பார்கள். நடப்பது பல சமயம் நேர்மாறு.

அழுத்தத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது மலிவான வைத்தியம், பலரும் தொடாதது. குழாயில் அழுத்தம் கூடினால் ஓட்டையில் வெளியேறும் நீர் கூடும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் பாடப்புத்தகச் சூத்திரத்தில் வருவது போல வர்க்கமூலக் கணக்கில் அது நின்றுவிடுவதில்லை. பிளாஸ்டிக் குழாயின் கீறல் அழுத்தம் ஏற ஏற வாயைத் திறக்கும். அதனால் கள அனுபவத்தில், சராசரியாக அழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் கசிவும் கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொள்கிறோம். புதிய வெடிப்புகளும் குறையும். இரவில் யாரும் குழாயைத் திறக்காததால் அழுத்தம் தானாக ஏறிக்கொள்கிறது. அதாவது தேவையே இல்லாத நேரத்தில்தான் குழாய் அதிகம் வலி தாங்குகிறது. அழுத்தம் குறைக்கும் வால்வை இரவில் இறக்கி, காலையில் ஏற்றி வைக்கிற ஏற்பாடு பெரிய திட்டமெல்லாம் இல்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பகுதியின் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று புகார் வந்துகொண்டே இருந்தது. பெரிய பூஸ்டர் பம்ப் ஒன்றை வாங்கிப் போட்டோம். தண்ணீர் ஏறியது, கூடவே மின்கட்டணமும் ஏறியது, வாரம் ஒரு குழாய் வெடித்தது. ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலைக்காகத் தோண்டியபோது, எப்போதோ பழுது பார்த்துவிட்டுப் பாதி மூடியபடியே விட்டுப்போன வால்வு ஒன்று கிடைத்தது. அதை முழுக்கத் திறந்தோம். பூஸ்டர் தேவையே இல்லாமல் போயிற்று. நாங்கள் ஒன்றரை வருடமாக ஒரு வால்வை எதிர்த்து மின்சாரத்தை எரித்திருக்கிறோம்! எந்தப் பசுமை அறிக்கையிலும் ‘மறந்துபோன வால்வுகளைத் தேடித் திறந்தோம்’ என்று ஒரு வரி நான் பார்த்ததில்லை. இருந்தால் அந்த நிறுவனத்தை மதிப்பேன்.

சரி, பம்புக்கு வருவோம். புதிதாக வாங்கும்போது 80 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டும் பம்ப், இம்பெல்லர் என்கிற, தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம் தேய்ந்து, வளையம் தேய்ந்து, பத்து வருடத்தில் 60-க்கு இறங்கிவிடலாம். ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன நிலையத்தில் 60-ஐ 78 ஆக்கினால் மின்சாரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும். பம்ப் வாங்கும்போது விலையைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் தொடர்ந்து ஓடும் பம்பின் ஆயுள் செலவில் கொள்முதல் விலை சிறு பகுதி, மிகுதி மின்கட்டணம்தான்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பற்றி ஒரு எச்சரிக்கை. விற்க வருகிறவர்கள் ‘வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகும்’ என்பார்கள். சக்தி வேகத்தின் கன அடுக்கில் மாறும் என்பதால் 0.8 மூன்று முறை பெருக்கினால் 0.51 வரும், கணக்கு சரிதான். ஆனால் உராய்வை எதிர்த்து மட்டும் தண்ணீரைத் தள்ளும் இடத்தில்தான் அது அப்படியே பொருந்தும். மேல்நிலைத் தொட்டிக்கு நேரே ஏற்றும் இடத்தில் உயரம் குறையப்போவதில்லை. வேகத்தைக் குறைத்தால் ஒரு கட்டத்தில் தண்ணீரே ஏறாது, பம்ப் சும்மா சுழன்று சூடாகும். அந்த மாதிரி இடத்தில் சரியான அளவு பம்பை வாங்கி, அதன் நல்ல புள்ளியில் ஓட்டி, தொட்டி நிரம்பியதும் நிறுத்துவதுதான் சிக்கனம்.

தொட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. மேல்நிலைத் தொட்டி ஒரு பேட்டரி. காற்றாலை, சூரிய மின்சாரம் தாராளமாக வரும் நேரத்தில் தண்ணீரை ஏற்றி வைத்து, மாலை உச்ச நேரத்தில் பம்பை நிறுத்திவிடலாம். இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, பம்ப் ஓட்டும் நேரப் பட்டியலை மாற்றினால் போதும். ஒரு சின்ன ஆபத்து உண்டு: தொட்டியைக் காலியாகவும் விடக்கூடாது, நாள்கணக்கில் நிரப்பியே தேக்கியும் வைக்கக்கூடாது, தேங்கினால் குளோரின் செத்துவிடும்.

சோலாரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அளவு வேண்டும் என்கிறேன். சிங்கப்பூரில் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021-இல் மிதக்கவிட்டது 60 மெகாவாட். 45 ஹெக்டேர் பரப்பில் 1,22,000 தகடுகள். அங்குள்ள ஐந்து நீர் சுத்திகரிப்பு நிலையங்களின் மின்தேவைக்கு ஈடாகும் அளவு அது. தண்ணீர் மேலேயே இருப்பதால் தகடுகள் அதிகம் சூடாகாமல் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் தரும், கீழே ஆவியாதலும் குறையும். இது வேறு ரகம். அலுவலகக் கூரையில் இருபது கிலோவாட் வேறு ரகம்.

நல்ல நோக்கத்தோடு போட்டாலும் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் நல்ல பாடம். 2015-இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டார்கள். முதல் காரணம் தரம்: தண்ணீரில் உள்ள புரோமைடும் குளோரினும் வெயில் பட்டால் புரோமேட் என்ற கெட்ட சேர்மம் உண்டாகும், அதைத் தடுக்க. ஆனால் வறட்சிக்காலம் என்பதால் ‘ஆவியாதல் குறையும், தண்ணீர் மிச்சம்’ என்பதுதான் செய்தியாகப் பரவியது. 2018-இல் வந்த ஓர் ஆய்வு, பந்துகள் மிதந்த ஒன்றரை வருடத்தில் காப்பாற்றிய தண்ணீர் சுமார் 11.5 லட்சம் கனமீட்டர் என்றும், அந்தப் பந்துகளைத் தயாரிக்கப் போன தண்ணீர் 2.5 லட்சத்திலிருந்து 29 லட்சம் கனமீட்டர் வரை இருக்கலாம் என்றும் கணக்கிட்டது. புரோமேட்டைத் தடுத்தது நிஜமான பயன். தண்ணீர் மிச்சமானதா என்றால், எங்கே மிச்சம், எங்கே செலவு என்று கேட்க வேண்டும்.

பம்பும் குழாயும் பாதிக் கதை. மீதிப் பாதி, தண்ணீர் நிலையத்துக்குள் வருவதற்கு முன்பே நடக்கிறது. அழுக்கான நீரை எடுத்து மருந்து போட்டுச் சுத்தம் செய்வதைவிட, நீர்ப்பிடிப்புப் பகுதியை அழுக்காகாமல் வைத்துக்கொள்வது மலிவு. நியூயார்க் நகரம் 1990-களில் இந்த முடிவின் முன் நின்றது. கேட்ஸ்கில், டெலவேர் மலைப் பகுதிகளிலிருந்து வரும் நீருக்கு வடிகட்டி நிலையம் கட்டுவதென்றால் 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. அதற்குப் பதிலாக 1997-இல் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள்: நகரம் நிலம் வாங்கும், பண்ணைகளில் சாணமும் உரமும் ஓடையில் கலக்காதபடி செலவு செய்து கொடுக்கும், வீடுகளின் செப்டிக் தொட்டிகளைச் சரிசெய்து கொடுக்கும். அந்த நீர் இன்றும் வடிகட்டி இல்லாமல்தான் நகரத்துக்கு வருகிறது. கிருமிகளுக்காகப் புறஊதா ஒளியும் குளோரினும் மட்டும். ஜெர்மனியில் மியூனிக் நகரக் குடிநீர் நிறுவனம் 1992 முதல், தன் நீர் வரும் மங்ஃபால் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இயற்கை விவசாயத்துக்கு மாறப் பணம் கொடுக்கிறது. நைட்ரேட்டை நிலையத்தில் பிரித்தெடுப்பதைவிட, அதை வயலில் போடாமல் இருக்கச் செய்வது லாபம் என்ற எளிய கணக்குத்தான் இது.

வியன்னாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1873-இலும் 1910-இலும் கட்டிய இரண்டு நீண்ட கால்வாய்களில் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் பள்ளத்தைப் பார்த்து ஓடி நகரத்துக்கு வருகிறது. வழி நெடுக ஏற்றத்துக்குப் பம்ப் கிடையாது. மாறாக வழியில் சிறு மின்நிலையங்கள் வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். மலை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் உயரத்திலிருந்து வரும் குழாயில் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வை வைத்து அந்தச் சக்தியை வீணாக்கும் இடங்கள் பல ஊர்களில் உண்டு. அங்கே சிறு டர்பைன் வைக்கலாம். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2015-இல் ஒரு பிரதானக் குழாய்க்குள் நான்கு டர்பைன்களை வைத்து 200 கிலோவாட் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். கீழ்நோக்கி வரும் குழாயில் மட்டும்தான் இது செல்லும். பம்ப் வைத்து ஏற்றிய தண்ணீரில் டர்பைன் வைப்பது வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டு, நடுவில் கொஞ்சம் கீழே சிந்துவது.

நிலையத்துக்குள்ளே மூன்று விஷயங்கள். வடிகட்டிப் படுகைகளைப் பின்னோக்கிக் கழுவும் நீர் பொதுவாக உற்பத்தியில் 2 முதல் 5 சதவீதம். அதைச் சாக்கடைக்கு விடாமல், தெளியவைத்து, மறுபடி சுத்திகரிப்பின் தொடக்கத்துக்கே கொண்டுவரலாம். நல்ல யோசனை, ஆனால் இதில் அவசரப்படக்கூடாது. வடிகட்டி பிடித்து வைத்த கிருமிகள் எல்லாம் அந்த நீரில்தான் திரண்டிருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசராது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் அது வடிகட்டியைத் தாண்டிப் போய் ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எனவே கழுவிய நீரைத் தெளிய வைக்காமல் ஒரேயடியாகத் திருப்பி ஊற்றும் நிலையம் பசுமையானது இல்லை, ஆபத்தானது. சுகாதாரத்துக்கும் சிக்கனத்துக்கும் மோதல் வரும் இடத்தில் சுகாதாரம்தான் ஜெயிக்க வேண்டும்; இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்தது கசடு. படிகாரம் போட்டால் அலுமினிய ஹைட்ராக்சைடும் சேறும் கலந்த வண்டல் வரும். இதைச் சத்தமில்லாமல் ஆற்றிலேயே தள்ளிவிடுவது பழைய பழக்கம், இன்னும் பல இடங்களில் போகவில்லை. இதைக் காயவைத்துச் செங்கல், சிமென்ட் வேலைக்குக் கலக்கலாம். பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் குணம் இருப்பதால் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸ் எடுக்கவும் உதவும். அதே குணத்தால் இதை வயலில் கண்டபடி கொட்டக்கூடாது. பயிருக்குப் போக வேண்டிய பாஸ்பரஸையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நெதர்லாந்து இதில் கெட்டிக்கார நாடு. அங்கே கடினநீரை மென்மையாக்கும்போது சின்னச் சின்னச் சுண்ணாம்பு உருண்டைகள் மிஞ்சும். முன்பெல்லாம் உருண்டைக்குள் விதையாகக் கார்னெட் மணலைப் போடுவார்கள், அந்த மணலால் உருண்டை கலப்படமாகிவிடும். பிறகு அந்த உருண்டைகளையே அரைத்து விதையாகப் போட ஆரம்பித்தார்கள். முழுக்கச் சுண்ணாம்பாக இருப்பதால் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. குப்பையைச் சரக்காக்க ஒரு சின்ன மாற்றம்தான் தேவைப்பட்டது.

மூன்றாவது, மருந்து. தண்ணீரில் உள்ள இயற்கைக் கரிமப் பொருட்களோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹேலோமீத்தேன் என்ற கெட்ட சேர்மம் உண்டாகும் என்பதை 1974-இல் எழுதியவர் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் வேலை பார்த்த யோகன்னஸ் ரூக். அதன் பிறகு அந்த நாடு மெல்ல மெல்ல வீட்டுக்குப் போகும் நீரில் குளோரினையே விட்டுவிட்டது. ‘ஆஹா, நாமும் விடலாமே’ என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். அவர்கள் குளோரினை விட முடிந்ததற்குக் காரணம் மணற்குன்றுகள் வழியாக ஊறவைத்த நீர், பலகட்டச் சுத்திகரிப்பு, நாள் முழுக்க அழுத்தம் குறையாத குழாய், மிகக் குறைந்த கசிவு. மீண்டும் குழாய்க்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா. மற்ற ஊர்களுக்குப் பொருந்துவது, தண்ணீரில் உள்ள கரிமப் பொருளை முன்னாலேயே நன்றாக நீக்கி, குளோரின் அளவைத் தேவைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது.

நிறுவனம் கழிவுநீரையும் பார்க்கிறது என்றால் கணக்கு மாறும். அங்கே மின்சாரத்தில் பாதி அளவுக்கு, சில இடத்தில் அதற்கும் மேலே, நுண்ணுயிர்களுக்குக் காற்றூதவே போகும். ஆனால் கழிவுக்குள்ளேயே எரிபொருள் இருக்கிறது. கசடைக் காற்றில்லாமல் புளிக்கவைத்து வரும் மீத்தேனால் ஜெனரேட்டர் ஓட்டலாம். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்து மார்செலிஸ்போர்க் நிலையம் தான் செலவழிப்பதைவிட அதிக ஆற்றலை உண்டாக்குகிறது. கலிஃபோர்னியாவில் ஓக்லாண்ட் நிலையம் உணவுக் கழிவையும் சேர்த்துப் புளிக்கவைத்து 2012-இல் அந்த நிலையை எட்டியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: மின்சாரத்தில் தன்னிறைவு என்று விழா எடுக்கும் நிலையத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறிக்கொண்டிருக்கலாம். நைட்ரஜனை நீக்கும்போது நுண்ணுயிர்கள் விடும் வாயு அது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ, கரியமில வாயு 273 கிலோவுக்குச் சமம். காற்றூதுவதை அளவுக்கு மீறிக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் இந்த வாயு கூடிவிடவும் வாய்ப்புண்டு. இதை அளக்கும் நிறுவனங்கள் குறைவு.

கடைசியாக, யாரும் அறிக்கையில் எழுதாத ஒரு சங்கடம். தண்ணீர் விற்ற லிட்டருக்குக் காசு வாங்கும் நிறுவனம், ‘தண்ணீரைக் குறைவாகச் செலவிடுங்கள்’ என்று மனதாரச் சொல்லுமா? செலவில் பெரும்பகுதி குழாய், கடன், சம்பளம் என்று நிலையானது. வரவோ விற்ற அளவைப் பொறுத்தது. கேப் டவுனில் இது கண்கூடாக நடந்தது. 2015 தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் செலவழித்த நகரம், வறட்சியின் உச்சத்தில், 2018-இல், சுமார் 50 கோடிக்கு இறங்கியது. ஆளுக்கு 50 லிட்டர் என்று வரம்பு போட்டதும், அழுத்தத்தைக் குறைத்ததும், மக்கள் ஒத்துழைத்ததும் சேர்ந்து சாதித்தது. கூடவே வருமானமும் விழுந்தது. அந்த வருடமே இணைப்பின் அளவைப் பொறுத்து ஒரு நிலையான மாதக் கட்டணம் கொண்டுவந்தார்கள். ‘குறைவாகச் செலவிட்டதற்குத் தண்டனையா’ என்று மக்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டணத்தில் நிலையான பகுதி எவ்வளவு, ஏழை வீடுகளுக்கு அடிப்படை அளவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்காத நிறுவனம், சிக்கனம் பற்றிப் பேசும்போது உள்ளுக்குள் அது நடந்துவிடக் கூடாதே என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் ஆண்டறிக்கைக்கு வருகிறேன். கசிவைச் சதவீதமாக மட்டும் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். மக்கள் செலவைக் குறைத்தாலே, கசிவு மாறாமல், சதவீதம் ஏறிவிடும். ஒரு பெரிய தொழிற்சாலை வந்து நிறைய வாங்கினால் இறங்கிவிடும். இணைப்பு ஒன்றுக்கு நாளுக்கு எத்தனை லிட்டர் கசிவு என்று கேளுங்கள். ‘வருவாய் ஈட்டாத நீர்’ என்று ஓர் எண் தருவார்கள். அதில் மண்ணில் போனது எவ்வளவு, திருட்டு இணைப்பிலும் ஓடாத மீட்டரிலும் போனது எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். கம்போடியாவில் புனோம் பென் நிறுவனம் 1993-இல் 72 சதவீதம் இருந்த இந்த எண்ணை, எக் சோன் சான் தலைமையில், சுமார் 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அதில் பெரும் பங்கு திருட்டு இணைப்புகளை ஒழித்ததும் எல்லோருக்கும் மீட்டர் வைத்ததும், அதோடு பழைய குழாயை மாற்றியதும். போரில் நொறுங்கிய நாட்டில் அது முடிந்தது என்பதை, ‘எங்கள் குழாய் எல்லாம் பழசு சார்’ என்று சொல்பவர்களிடம் நினைவூட்டலாம்.

அப்புறம் ஒவ்வொரு நீரேற்று நிலையத்துக்கும் கனமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று கடந்த ஐந்து வருடக் கணக்கைக் கேளுங்கள். மின்கட்டண ரசீதும் வெளியேற்ற மீட்டரும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன, வகுத்துப் பார்த்தால் வந்துவிடும். ஒரு நிலையத்தில் மட்டும் எண் வருடா வருடம் ஏறினால் அங்கே தேய்ந்த பம்போ மூடிய வால்வோ காத்திருக்கிறது. இரவு ஓட்டத்தைக் கேட்டால் ‘மண்டல மீட்டர் இன்னும் வைக்கவில்லை’ என்று பதில் வரக்கூடும். அப்படி வந்தால், அடுத்த வருட நிதிநிலையில் முதல் செலவு அந்த மீட்டர்களுக்கு ஒதுக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். மரக்கன்றை அதே வருடம் நட்டுக்கொள்ளலாம், அதற்குப் பெரிய பணம் ஆகாது.